கலப்பின மீன்கள் எளிதில் தூண்டிலில் மாட்டுவதும் புளோரிடா பாஸ் மாட்டாமல் போக்குக் காட்டுவதும் ஏன்?

கேள்வி: வடக்கு டல்லாஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் டல்லாஸ் நகருக்கு வடக்கே குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒன்றரை ஏக்கர் அளவில் ஒரு குளம் இருக்கிறது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் கிடைக்கிறது. உடல் நீலமும் பச்சையுமாக இருக்கும், கன்னத்தில் நீலப்பச்சைக் கீற்றுகள் ஓடும், துடுப்புகளின் விளிம்பு மஞ்சளாக இருக்கும், உடலின் அளவுக்கு வாய் சற்றுப் பெரியது. ரொட்டித் துண்டு, மண்புழு, சாசேஜ் துணுக்கு என்று எதை முள்ளில் கோத்தாலும் தக்கை நிலைகொள்வதற்குள் இழுத்துக்கொண்டு போகிறது. மேலுதட்டில் கிழிந்து ஆறிய தழும்புள்ள ஒரு மீனை விடுவித்த அதே மாலையில் என் மகள் மறுபடியும் பிடித்தாள்.

அதே நான் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போய், படகும் விலையுயர்ந்த செயற்கை இரைகளுமாக நாள் முழுவதும் வீசினாலும், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறேன். மீன் இல்லாத ஏரி அல்ல அது. டெக்சாஸில் பிடிபட்ட மிகப் பெரிய லார்ஜ்மவுத் பாஸ்களில் (அகன்ற வாயுள்ள வேட்டை மீன்) பல அங்கிருந்து வந்தவை. இரை விற்கும் கடையில் இருக்கும் பெரியவரிடம் கேட்டபோது, குளத்தில் இருப்பது கலப்பினம், அதற்குப் பசி அடங்காது என்றும், ஏரியில் இருப்பதில் புளோரிடா ரத்தம் ஓடுகிறது, அது சுலபத்தில் வாய் திறக்காது என்றும் சொன்னார்.

இது கடைப்பேச்சா, ஆய்வில் உறுதிப்பட்ட செய்தியா? இனத்துக்கு இனம் தூண்டிலில் மாட்டும் எளிமை உண்மையிலேயே வேறுபடுகிறதா, கலப்பினத்தில் அது ஏன் கூடுகிறது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். எங்கள் குடியிருப்போர் சங்கம் அந்தக் குளத்தில் புதிதாக மீன்குஞ்சு விடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால், இதில் எனக்கு நடைமுறைக் காரணமும் உண்டு.

மறுமொழி 1: அலபாமா குளத்துக்காரன்

வணக்கம். தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு இப்போது அலபாமாவில் தனியார் குளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கடைக்காரப் பெரியவர் சொன்னது ஏறக்குறைய முழுவதும் சரி. ஆனாலும் அவர் ஒரே வரியில் சொல்லி முடித்ததற்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன, அவர் சொல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு.

உங்கள் வருணனையைப் பார்த்தால் குளத்து மீன் பெரும்பாலும் கலப்பின சன்ஃபிஷாக இருக்க வேண்டும். பெண் கிரீன் சன்ஃபிஷையும் ஆண் புளூகில்லையும் சேர்த்துக் குஞ்சு பொரிப்பகங்களில் உருவாக்குவது இது. புளூகில் நல்ல வளர்ச்சியுள்ள மீன் என்றாலும் அதன் வாய் மிகச் சிறியது, பெரிய இரையை அதனால் விழுங்க முடியாது. கிரீன் சன்ஃபிஷுக்கு வாய் பெரியது, சுபாவம் முரட்டுத்தனமானது, கிடைத்ததைப் பாய்ந்து பிடிக்கும், ஆனால் உடல் அவ்வளவாகப் பெருக்காது. இரண்டையும் சேர்த்தால் தாயின் வாயும் அவசரமும் தந்தையின் வளர்ச்சியும் ஒரே உடலில் வந்துவிடுகின்றன. இன்னொன்று, இந்தக் கலப்பில் பிறப்பவற்றில் பத்தில் எட்டு அல்லது அதற்கும் மேற்பட்டவை ஆணாகவே இருக்கும். முட்டைக்குச் செலவாக வேண்டிய உணவு உடலுக்குப் போகிறது, உடல் வளர வளரப் பசியும் கூடுகிறது. ஒன்றரை ஏக்கரில் போட்டிக்கு நிற்கும் ஆண்மீன்களுக்கு நடுவே, தயங்கி நிற்கும் மீனுக்கு எதுவும் மிஞ்சாது. உங்கள் மகள் பிடித்த தழும்பு மீனுக்கு முள்ளின் நினைவு ஓரளவு இருந்திருக்கலாம், ஆனால் அந்த நினைவைவிடப் பக்கத்து மீனின் அவசரம் பெரிது.

இனி புளோரிடா பாஸ். பழைய நூல்கள் இதை லார்ஜ்மவுத் பாஸின் கிளையினமாகக் குறிப்பிட்டாலும், மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இப்போது தனி இனமாகவே கொள்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் பாஸ் சாதனை 1943 முதல் பல ஆண்டுகள் 13.5 பவுண்டிலேயே நின்றிருந்தது. 1970களின் தொடக்கத்திலிருந்து புளோரிடா பாஸ் குஞ்சுகளை ஏரிகளில் விடத் தொடங்கிய பிறகு அந்த எண் மளமளவென்று ஏறி, 1992 ஜனவரியில் நீங்கள் சொல்லும் அதே லேக் ஃபோர்க்கில் 18.18 பவுண்டை எட்டியது. அதற்குக் கொடுத்த விலைதான் உங்கள் வெறுங்கை. வடக்கத்திய பாஸையும் (புளோரிடா கலப்பில்லாத லார்ஜ்மவுத்) புளோரிடா பாஸையும் ஒரே குளத்தில் விட்டு, ஒரே தூண்டிலால் பிடித்துப் பார்த்த சோதனைகள் 1970களிலிருந்தே அலபாமாவிலும் டெக்சாஸிலும் நடந்திருக்கின்றன. வடக்கத்திய மீன் கூடுதலாக மாட்டியது, புளோரிடா மீன் குறைவாக மாட்டியது. இரண்டையும் கலந்த முதல் தலைமுறைக் கலப்பினம் புளோரிடா மீனைவிட எளிதில் மாட்டுகிறது, வடக்கத்திய மீனைவிடப் பெரிதாக வளர்கிறது. தென் மாநிலங்களின் தனியார் குளங்களில் ‘டைகர் பாஸ்’ போன்ற பெயர்களில் விலைபோவது இந்தக் கலப்புதான். குளிர்காற்று வீசி நீரின் வெப்பம் இறங்கிய மறுநாள் புளோரிடா மீன் வாயைப் பூட்டிக்கொள்ளும் என்பது இங்கே படகோட்டி வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வது.

பெரியவர் சொல்லாமல் விட்டது மூன்றாவது விஷயம். ஒரே இனத்துக்குள்ளேயே எளிதில் மாட்டும் மீன், மாட்டாத மீன் என்று இரு வகை உண்டு, அந்தக் குணம் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கும் போகிறது. இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ரிட்ஜ் பூங்காவுக்குள் இருக்கும் ரிட்ஜ் லேக் என்ற சிறிய ஏரியில் இதைப் பொறுமையாக மெய்ப்பித்திருக்கிறார்கள். அங்கே மீன்பிடிக்க வருபவர் ஒவ்வொருவரும் முன்பதிவு செய்ய வேண்டும், பிடித்த ஒவ்வொரு பாஸையும் அளந்து அடையாளமிட்டு ஏரியிலேயே விட்டார்கள். 1977 முதல் நான்கு ஆண்டுகள் இப்படிக் கணக்கெடுத்துவிட்டு ஏரியை வடித்தபோது 1700க்கும் மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றில் சுமார் 200 மீன்கள் அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு தடவைகூடத் தூண்டிலில் சிக்காதவை. மறுபக்கம் ஒரு மீன் ஒரே ஆண்டில் 16 தடவை பிடிபட்டிருந்தது. ஆய்வாளர் டேவிட் ஃபிலிப்பும் அவருடைய குழுவினரும் சிக்காதவற்றைத் தனியாகவும், அடிக்கடி சிக்கியவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்ய வைத்து, குஞ்சுகளை ஒரே குளத்தில் வளர்த்து மறுபடி தூண்டில் போட்டுச் சோதித்தார்கள். மூன்று தலைமுறைகளில் இரு வரிசைகளுக்கும் இடையிலான இடைவெளி தலைமுறைக்குத் தலைமுறை அகன்றது. 2009இல் வெளியான முடிவின்படி இக்குணத்தின் மரபுவழித் திறன் ஏறக்குறைய 0.15. அதாவது மீனுக்கு மீன் காணும் வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்கு பரம்பரையாக வருகிறது. சிறிய பங்கு என்றாலும் தேர்வு தொடர்ந்து நடந்தால் ஏரியின் குணத்தை மாற்றப் போதுமானது.

எளிதில் மாட்டும் வரிசை மீன்களுக்கு ஓய்வு நிலையிலேயே உடலின் ஆற்றல் செலவு கூடுதலாக இருப்பதையும் பின்னர் கண்டார்கள். செலவு கூடுதலான உடலுக்கு இரையும் கூடுதலாக வேண்டும், அதனால் அது துணிகிறது. கலப்பினங்களின் வேகத்தையும் நான் பெரும்பாலும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். மாட்டும் மீனை முட்டாள் என்று சொல்லிவிட்டால் விளக்கம் அங்கேயே நின்றுபோகும்.

மறுமொழி 2: ரொறன்ரோ தங்கூசி

அலபாமா நண்பர் மரபைப் பற்றி எழுதியவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘எளிதில் மாட்டும் இனம்’ என்று பொதுவாகச் சொல்லும்போது, எந்த இரையில், எந்தக் காலத்தில், எத்தனை மீன் இருக்கின்ற நீரில் என்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட முடியாது.

ஒன்ராறியோவில் எங்களுக்கு அன்றாடம் வாய்க்கின்ற எடுத்துக்காட்டு பைக்கும் மஸ்கியும் ஆகும். இரண்டும் ஒரே குடும்பத்து மீன்கள், நீண்ட தாடை, கூரிய பல், பதுங்கியிருந்து பாயும் வேட்டை எல்லாம் பொதுவானவை. களைகளின் ஓரமாக ஸ்பூன் என்ற மினுங்கும் உலோக இரை ஒன்றை இழுத்தால் பைக் அநேகமாகப் பாய்ந்துவிடும். மஸ்கியோ படகின் அடிவரை இரையின் பின்னாலேயே வந்து, ஒரு முழத் தூரத்தில் அசையாமல் நின்று, பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பத்தாயிரம் தடவை வீசினால்தான் ஒன்று கிடைக்கும் என்று அதற்குப் பெயர். இரண்டும் கலந்த டைகர் மஸ்கியின் உடலில் புலிக்கோடுகள் தெளிவாக இருக்கும். அது தூய மஸ்கியைவிட எளிதில் மாட்டும், பைக்கைவிட அரிதாக மாட்டும். அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பகுதிக்கு மஸ்கியின் குணமே காரணம் அல்ல. நல்ல மஸ்கி நீர்நிலையில்கூட ஏக்கருக்கு ஒரு வளர்ந்த மீன் இருப்பது அரிது. இல்லாத இடத்தில் வீசிய வீச்சுகளையும் மீனின் புத்தியில் எழுதிவிடுகின்றோம்.

இரையின் வகையைப் பற்றி நெதர்லாந்தில் 1960களின் இறுதியில் பூகெமா என்ற ஆய்வாளர் நடத்திய சோதனைகள் இன்றும் படிக்கத்தக்கவை. குளத்தில் விடப்பட்ட பைக் மீன்கள் சுழலும் உலோக இரையில் ஒரு தடவை மாட்டிய பின்னர் மறுபடி அதை எடுக்கத் தயங்கின. உயிருள்ள சிறுமீனை முள்ளில் கோத்துப் போட்டபோது, முன்பு மாட்டியவையும் மாட்டாதவையும் ஒரே மாதிரி எடுத்தன. கெண்டை வகையான கார்ப் மீனோ ஒரே அனுபவத்தில் கற்றுக்கொண்டு மிக நீண்ட காலம் முள்ளைத் தவிர்த்தது. ஒரே ‘அறிவு’ ஒரு மீனில் ஓர் இரைக்கு மட்டும் வேலை செய்கிறது, இன்னொரு மீனில் பரவலாக வேலை செய்கிறது.

இதை லேக் ஃபோர்க்குக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கே 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்திருக்க அனுமதி இல்லை, விட்டுவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த அளவை எட்டிய மீன் ஒவ்வொன்றும் பல ஆண்டுகளாக பிளாஸ்டிக் புழுவையும் கிராங்க்பெய்ட் என்ற மீன்வடிவச் செயற்கை இரையையும் பார்த்து, கடித்து, விடுபட்டு வளர்ந்தது. வடக்கு டல்லாஸ் நண்பரே, அலபாமாக்காரர் குறிப்பிட்ட அந்த 18.18 பவுண்ட் சாதனை மீன் எதில் மாட்டியது தெரியுமா? கிராப்பி என்ற சிறிய மீனுக்காகப் போட்ட மின்னோ என்ற உயிருள்ள குட்டி மீனில்! பாஸுக்கென்று செய்த இரை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. புளோரிடா ரத்தத்தை மட்டும் குறை சொல்வதற்கு முன்னர் நீங்கள் பாவிக்கின்ற இரையை மாற்றிப் பார்க்கலாம்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. ஆண் பாஸ் மீன் அடித்தரையில் வட்டமாகக் கூடு சுத்தம் செய்து, முட்டையையும் குஞ்சையும் தானே காவல் காக்கும். அந்த நாட்களில் கூட்டுக்கு மேலே எது வந்தாலும் பசி இல்லாமலே கடிக்கும். அப்போது பிடித்து மேலே எடுத்தால், அது திரும்புவதற்குள் புளூகில் கூட்டம் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். முட்டையிடும் வேளையில் பாஸ் பிடிக்க எங்கள் மாகாணம் தடை விதித்து, தெற்குப் பகுதிகளில் ஜூன் பிற்பாதியில் திறப்பது இதற்காகத்தான். ரிட்ஜ் லேக் வரிசை மீன்களைக் கொண்டு செய்த பிந்தைய ஆய்வுகளில், எளிதில் மாட்டும் ஆண்களே காவலிலும் முனைப்பானவை என்று தெரிந்தது. துணிந்த மீனைப் பிடித்துச் சமைத்துவிட்டால் நல்ல தகப்பனையும் சேர்த்தே எடுத்துவிடுகின்றோம்.

மறுமொழி 3: தஞ்சைக் கரை

காவலுக்கு நிற்கும் மீன் பசியில்லாமல் கடிக்கும் என்று ரொறன்ரோ ஐயா எழுதியது எங்கள் விராலுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆழமில்லாத வாய்க்காலில் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து மூச்செடுக்கும்போது, கீழே தாய் தகப்பன் நிற்கும். ரப்பர் தவளையை அந்தக் கொத்துக்கு மேலே இழுத்தால் ஒன்று பாயாமல் இருக்காது. வலைத்தளங்களில் காட்டும் பெரிய விரால்களில் பல இப்படிப் பிடித்தவைதான். பெற்றோர் போன பிறகு அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் விட்டுவைப்பதில்லை. அங்கே தடைக்காலம் இருக்கிறது, இங்கே விராலுக்கென்று யாரும் நாள் குறித்துக் காத்திருப்பதில்லை.

ஒரு சந்தேகம். ட்ரவுட் மீன்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டா?

மறுமொழி 4: அலபாமா குளத்துக்காரன்

தஞ்சை நண்பருக்கு: உண்டு, மிகத் தெளிவாகவே உண்டு. அமெரிக்க மேற்குப் பகுதியின் கட்த்ரோட் ட்ரவுட் மிக எளிதில் மாட்டும். யெல்லோஸ்டோன் ஆற்றில், பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்ற விதியுள்ள பகுதியில், 1981இல் கணக்கிட்டபோது ஒரு மீன் ஒரே பருவத்தில் சராசரியாக ஒன்பது தடவைக்கு மேல் பிடிபட்டிருந்தது. புரூக் ட்ரவுட்டும் ஏமாளி என்றே பெயரெடுத்தது. ஐரோப்பாவிலிருந்து 1880களில் முட்டையாகக் கொண்டுவரப்பட்ட பிரவுன் ட்ரவுட், நூற்றாண்டுக்கணக்கில் தூண்டிலைப் பார்த்த நாட்டிலிருந்து வந்ததாலோ என்னவோ, எல்லாவற்றையும்விடச் சந்தேகப் பிராணி. ஓர் ஆற்றில் கட்த்ரோட்டும் பிரவுனும் இருந்தால், உணவுக்காகப் பிடிப்பவர்கள் முதலில் காலி செய்வது கட்த்ரோட்டைத்தான். பிரவுனையும் புரூக்கையும் கலந்த டைகர் ட்ரவுட் மலடு. ஆனால் இரையைத் துரத்துவதில் சளைக்காதது என்பதால் சில மாநிலங்கள் அதை விரும்பி நீர்நிலைகளில் விடுகின்றன.

ரொறன்ரோ நண்பர் சொன்ன ‘இரையை மாற்றிப் பாருங்கள்’ என்பது நியாயம். ஆயினும் குளச் சோதனைகளில் இரு இனங்களுக்கும் ஒரே இரை, ஒரே நீர், தெரிந்த எண்ணிக்கை. அங்கும் புளோரிடா மீன் பின்தங்கியது என்பதால், பழக்கத்தை மட்டும் வைத்து அதை முழுவதும் விளக்கிவிட முடியாது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

மறுமொழி 5: வடக்கு டல்லாஸ்வாசி

மூவருக்கும் நன்றி. இத்தனை விரிவான பதிலை எதிர்பார்க்கவில்லை. சங்கக் கூட்டத்தில் ஒரு சாரார் கலப்பின சன்ஃபிஷையே இன்னும் கூடுதலாக விடலாம் என்கிறார்கள், இன்னொரு சாரார் பெரிய பாஸ் வேண்டும் என்கிறார்கள். குழந்தைகளும் முதியவர்களும்தான் பெரும்பாலும் கரையில் உட்கார்கிறார்கள். எதைச் சொல்வது?

மறுமொழி 6: அலபாமா குளத்துக்காரன்

கரையில் உட்காருபவர்கள் குழந்தைகளும் முதியவர்களும் என்றால் பெரிய பாஸ் கட்சியை மரியாதையாக ஒதுக்கிவிடுங்கள். ஒன்றரை ஏக்கரில் அது நடக்காத காரியம் அல்ல, ஆனால் அதற்குப் பணமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

கலப்பின சன்ஃபிஷ் உங்கள் தேவைக்குப் பொருத்தமான மீன். மலடு என்று பலர் நினைப்பதுபோல் அது மலடு அல்ல, முட்டையிடும். அடுத்த தலைமுறையில் வளர்ச்சி குன்றிப்போகும், சில மீன்கள் கிரீன் சன்ஃபிஷின் சாயலுக்கே திரும்பிவிடும். ஆகவே குட்டிகளைத் தின்று குறைக்க ஓரளவு பாஸ் இருப்பது அவசியம். முதலில் விட்டவை பிடிபட்டுக் குறையக் குறைய, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பொரிப்பகத்திலிருந்து புதிதாக வாங்கிவிட வேண்டும். எளிதில் மாட்டும் மீனுக்கு இதுதான் செலவு, அது சீக்கிரம் தீர்ந்துபோகும். பாஸை முதன்மையாகக் கொண்ட குளத்துக்கு இந்தக் கலப்பினம் உதவாது, ஏனென்றால் அது பாஸுக்குப் போதிய குட்டிகளைத் தராது. அங்கே புளூகில்தான் வேண்டும். அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஹோமர் ஸ்விங்கில் என்ற மீன்வள ஆய்வாளரின் காலத்திலிருந்து சொல்லப்படும் அளவு, உரமிட்ட குளத்துக்கு ஏக்கருக்கு 1000 புளூகில் குஞ்சு, 100 பாஸ் குஞ்சு.

கூடவே கெளுத்தியும் விடுங்கள். பெண் சேனல் கேட்ஃபிஷையும் ஆண் புளூ கேட்ஃபிஷையும் கலந்த கலப்பினம் இங்கே அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் பண்ணைகளில் பெருமளவு வளர்கிறது. வலையிலும் எளிதில் வரும், தூண்டிலிலும் தன் பெற்றோர் இருவரையும்விட எளிதில் மாட்டும் என்று ஆபர்னில் 1980களின் தொடக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிறு குளத்தில் இயற்கையாக அது பெருகுவதில்லை, எனவே எத்தனை விட்டீர்கள், எத்தனை எடுத்தீர்கள் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும். எட்டு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சை வாங்காதீர்கள், ஏற்கனவே குளத்தில் பாஸ் இருந்தால் அதற்கு அது தீனியாகிவிடும்.

கோடையில் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில் மிதக்கும் தீவனம் போடுங்கள். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். மகளைத் தீவன வேளைக்குச் சற்று முன்னதாக அந்த மூலையில் உட்கார வைத்து, முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீளும் கொக்கிச்சிறகை இடுக்கியால் நசுக்கிக் கொடுங்கள். விடுவிக்கும்போது உதடு கிழியாது.